சாட்சி நேரம்

வெல்டிங் கடைக்கு மேலே எங்கள் சபை, வியாசர்பாடியில்.
ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் மூடியிருந்தாலும்
இரும்பு வாசனை படியேறி வந்து
பின்வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.
நான் மைக் பிடிக்கிறவன்.
பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்குமுன்
சாட்சி நேரம். ஆளுக்கு இரண்டு நிமிடம்.

சிறுநீரகக் கல் கரைந்த சாட்சி,
மருமகனுக்கு விசா வந்த சாட்சி,
மூலக்கொத்தளத்தில் தொலைந்த வண்டி
எம்.கே.பி. நகரில் கிடைத்த சாட்சி,
பெட்ரோல்கூடக் குறையவில்லை, அல்லேலூயா.
நான் குறை சொல்லவில்லை.
அழுதுகொண்டே சொல்கிறவர்களின் எச்சில்
மைக்கின் பஞ்சில் ஊறியிருக்கும்.
திங்கட்கிழமை அதைக் கழற்றி
டெட்டால் விட்டு அலசுகிறவன் நான்.
எல்லாம் நிஜம் என்று எனக்குத் தெரியும்.

பெர்சியாள் அக்காவிடம் மட்டும் மைக் போகாது.
போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.
போகவில்லை, அவ்வளவுதான்.

போன மார்கழி, விடிகாலை நாலரை,
காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போனவள்
எண்ணூர் நெடுஞ்சாலையில் பார்த்தாள்.
கன்டெய்னர் லாரி ஒன்று
சைக்கிளில் போனவனைத் தட்டிவிட்டு
கொஞ்சம் நின்று,
யோசிப்பதுபோல் நின்று,
விளக்கை அணைத்துக்கொண்டு போனது.
அவனுக்குத் தமிழ் தெரியவில்லை.
இவளுக்கு அவன் பாஷை தெரியவில்லை.
கூடைச் சும்மாட்டை அவன் தலைக்கடியில் வைத்து
ஆம்புலன்ஸ் வரும்வரை
கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
அது எந்த நிமிடத்தில் வெறும் கையானது
என்பதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை.
லாரி நம்பரைச் சொன்னாள்.
ஐஸ் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள்.

லாரி எங்கள் மூப்பர் இஸ்ரவேலுடையது.
அன்றைக்கு அது யார்டில் நின்றது என்று
அவர் எழுதிக் கொடுத்திருந்தார்.
சபையின் இரண்டு ஏசியும்
என் கையிலிருக்கும் இந்த ஒயர் இல்லாத மைக்கும்
அவர் வாங்கித் தந்தவை.
இதைச் சொல்லிவிடுவது நல்லது.

பாஸ்டர் அவள் வீட்டுக்கே போனார்.
மன்னிப்பைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்.
அவள் நெத்திலி ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.
"மன்னிக்கலாம் பாஸ்டர்.
பாக்கலன்னு எப்டி சொல்றது?"

ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்குப் பதினோரு தடவை.
தடவைக்கு ஒரு நாள் யாபாரம்.
டிரைவர் வரவில்லை, வக்கீல் வரவில்லை,
ஜட்ஜ் மாறிவிட்டார்.
ஏழாம் தடவை பஸ் இல்லாமல் நின்றவளை
நான்தான் வண்டியில் ஏற்றிப்போனேன்,
இறக்கிவிடும்போதும்
ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

பதினோராம் தடவை கடைசி பெஞ்சில் இருந்தேன்,
ஹெல்மெட் மடியில்.
டவாலி "பெருசியா, பெருசியா" என்று மூன்று முறை கூவினார்.
கூண்டேறி நின்றாள்.
"சத்தியம் இருக்கட்டும் சார். பாத்தத சொல்றேன்."
இருட்டில் நம்பர் எப்படித் தெரிந்தது,
கண்ணாடி போடுவாயா,
செத்தவன் உனக்கு என்ன முறை,
அவன் பேராவது தெரியுமா.
"பேர் தெரியாது.
செருப்பு தெரியும். நீலக் கலர்.
ஒண்ணுதான் கால்ல இருந்துச்சு."
டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு
ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
மூப்பர் முன்வரிசையில்தான் இருக்கிறார்.
ஏசியில் ஒன்று சொட்டுகிறது.
அந்தச் சொட்டுக்குக் கீழே, யாரும் உட்காராத பாயில்
அக்கா உட்கார்ந்திருப்பாள்,
தலையில் முக்காடு, முக்காட்டில் ஈரம்,
கையில் எத்தனை சோப்புக்கும் போகாத மீன்வாடை.

இந்த ஞாயிறு அவளை நோக்கி நடந்தேன்.
பதினாலு அடி இருக்கும்.
மைக்கை நீட்டினேன்.
கீபோர்டு தம்பி ஒரு கட்டையை அழுத்தியவன்
விரலை எடுக்க மறந்துபோனான்.
எல்லாத் தலையும் திரும்பியது,
ஒரு தலையைத் தவிர.

அக்கா வாங்கவில்லை.
"சொல்ட்டேன்பா, அங்கியே" என்றாள்,
மெதுவாகத்தான்.

மைக் ஆனில் இருந்தது.